வேற காட்டுங்க

இளநீர்க்காரர் வெட்டுவதற்காகக் கையில் எடுக்கும் காயை என் மச்சான் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. "அது கெடக்கட்டும்பா. அந்தாண்ட இருக்குது பாரு, அதைக் காட்டு" என்பார். அந்தாண்ட இருப்பதை எடுத்தால் அதற்கும் அந்தாண்ட ஒன்று இருக்கும். குலையை முழுக்கத் திருப்பி, தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "சரி, மொதல்ல எடுத்தியே அதையே வெட்டு" என்பார். இளநீர்க்காரர் முகத்தை நான் பார்க்க மாட்டேன். சாலையில் போகும் பஸ்ஸின் போர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு நிற்பேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை பார்த்தார். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைமேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, எதிரே இருக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு சேலையாக உதறி விரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டு, "வேற காட்டுங்க" என்பார்கள். காலையிலிருந்து கடை சாத்தும் வரை அந்த இரண்டு வார்த்தைதான். இளம் வயதில் அந்த மெத்தையில் உட்கார்ந்தவர், மீசை நரைத்த பிறகும் அதே மெத்தையில்தான் இருந்தார். அத்தனை வருஷமும் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் இளநீர்க்காரர், முடி வெட்டுகிறவர், இட்லிக் கடைக்காரர் என்று எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறியில் உட்கார்ந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான். எனக்கு வாய்த்த மச்சான் இப்படி.

அவர் வீட்டில் தீபாவளிச் சேலை தீபாவளிக்குப் பிறகுதான் வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் சேலை காட்டுகிறவர் தன் மனைவிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல், இன்னும் நல்ல சரக்கு வரும், இன்னும் வரும் என்று தள்ளிக்கொண்டே போவார். "கார்த்திகைக்குப் புதுசு கட்டற ஒரே பொம்பள இந்த ஊர்ல நான்தான்" என்று அந்த அக்கா என் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கும்.

என் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பார்க்க வந்தவரும் அவர்தான். என்னைப் பார்த்துவிட்டு, தாமலில் ஒருவர், மாகறலில் ஒருவர் என்று வேறு பலரையும் பார்த்திருக்கிறார். அதை மறைக்கவும் மாட்டார். பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் கேட்கச் சொல்வார். "மாப்ளைய வேணாம்னுதான் நெனச்சேன். வாயே தொறக்கலை. ஊமையோன்னு சந்தேகம். வேற பாக்கலாம்னு சுத்திட்டு வந்தா என் தங்கச்சி இவரே போதும்னுட்டா. அவளுக்குப் பொறுமை பத்தலை."

நான் இலையில் இருக்கும் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கட்டில் ஆடுகிறது, வேறு கட்டில் காட்டுங்கள் என்று நர்ஸிடம் கேட்டார். மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் ஆடியது. "இது நல்லா ஆடுது" என்றார். அவர் போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதிலும் பெங்களூர் போய் வந்த அந்த இரண்டு நாளை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

என் மகளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு அந்த இடம் போய்விடும் என்று போனில் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். தங்குவதற்கு ஹாஸ்டலை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சனிக்கிழமை காலையில் போய் இறங்குவதாகத் திட்டம். கிளம்பும்போது என் மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள். "நல்ல எடம் கெடைக்கலைன்னா அவளைக் கையோட கூட்டிகினு வந்துடு. வேலை எங்க போவுது."

தாய்மாமன் இல்லாமல் பெண்ணை வெளியூரில் கொண்டுபோய் விடுவதாவது என்று மச்சான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு பையோடு வந்து நின்றார். மகள் என்னைத் தனியாக இழுத்துப்போய், "அப்பா, மாமா வந்தா ஹாஸ்டல் கெடைக்காதுப்பா. ஏதாவது சொல்லி நிறுத்து" என்றாள். நான் போய் அவர் எதிரே நின்றேன். "இன்னா மாப்ள?" என்றார். "காபி குடிக்கிறீங்களா மச்சான்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மெஜஸ்டிக்கில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சந்துக்குள் லாட்ஜ். லிப்ட் கிடையாது. கீழே ஒரு மேஜை, அதன்மேல் ஊதுவத்தி, பின்னால் வரிசையாகச் சாவி. மேஜையில் இருந்தவர் கோலார் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகவே பேசினார். எங்கள் மூவரின் ஆதார் அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, வயதான ஆண்கள் இருவர், சின்னப் பெண் ஒருத்தி, ஒரே ரூம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். மச்சான் அவரிடம், "ஏம்பா, இவ மூக்கைப் பாரு. இவர் மூக்கைப் பாரு. இதுக்கு மேல உனக்கு இன்னா சர்ட்டிபிகேட் வேணும்?" என்றார். மேஜைக்காரர் பார்த்தார். சிரித்துவிட்டுச் சாவியை எடுத்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் இருப்பது எனக்கு உதவிதான். மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே அந்த நன்றியை அவரே அழித்துவிடுவார்.

இரண்டாம் மாடியில் ரூம். இரட்டைக் கட்டில், தரையில் போட ஒரு மெத்தை, பக்கெட், மக். ஒரு கண்ணாடி, அதில் எப்போதோ தங்கிப் போன பெண் ஒட்டிவைத்த சிவப்புப் பொட்டு. எங்களுக்கு வேறென்ன வேண்டும்? நான் பையைக் கீழே வைத்தேன். "பையை வெக்காத மாப்ள" என்றார் மச்சான்.

கட்டில் விரிப்பை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். அதைச் சுருட்டிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய், வெயிலில் விரித்துப் பிடித்தார். டியூப் லைட்டில் சேலைக் கலரைப் பார்க்கக் கூடாது, தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சேலை வாங்க வருகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். அது லாட்ஜ் விரிப்புக்கு எதற்கு? வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அடுத்து கம்பளி. அதன் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி எடுத்து அந்த இழையின் நுனியைக் கொளுத்தினார். பட்டுதானா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். கம்பளி என்றாலும் அப்படித்தான். இது உருகிச் சொட்டு மாதிரி உருண்டது.

"சார், ரூம்ல நெருப்பு வெக்கக் கூடாது சார்" என்றார் சாவியோடு வந்த மேஜைக்காரர்.

"கம்பளின்னியே. இது பாலியஸ்டர்."

"நான் எங்க சார் சொன்னேன் கம்பளின்னு?"

"போத்திக்கறதுன்னா கம்பளிதானே. வேற காட்டு."

வேறு காட்டினார். அது தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்தது கக்கூஸ் கதவு முழுதாகத் திறக்காத ரூம். அடுத்தது மூன்றாம் மாடி, அங்கே ஏற்கெனவே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் அந்தத் தூங்குகிறவரைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். மகள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் இரவெல்லாம் தூங்காத களைப்பு. நான் எல்லாப் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

மேஜைக்காரர் கொஞ்ச நேரம் கீழே போய்விட்டு வந்தார். "சார், ஒண்ணு இருக்கு. ஓனர் சொந்தக்காரங்க வந்தா குடுக்கிற ரூம். பின்பக்கப் படியில வாங்க" என்றார். பின்பக்கப் படி ஏறி, ஒரு வராந்தாவில் திரும்பி, கதவைத் திறந்தார். விரிப்பில் புதிதாகச் சலவை வாடை அடித்தது. மச்சான் விரலால் தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது ரூமு. இதை மொதல்லயே காட்டறதுக்கு இன்னாப்பா?"

கண்ணாடியில் அதே சிவப்புப் பொட்டு இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பையைப் பிரிப்பதுபோல் சிரிப்பை அடக்கினேன்.

இதைவிட வேடிக்கை என்னவென்றால், கடையில் மச்சானின் பெரிய வித்தையே இதுதான். பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர்களிடம், முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேலையின் மடிப்பை மாற்றி, முந்தானையை உள்ளே வைத்து உடல் பகுதியை வெளியே காட்டிப் புதுச் சேலைபோல எடுத்து வைப்பார். "இதை ஏங்க மொதல்லயே காட்டலை" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவரை ஒரு லாட்ஜ்காரர் பின்படியில் ஏற்றி ஏமாற்றிவிட்டார் என்று மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளித்துவிட்டு வந்ததும் கேட்டேவிட்டாள். "மாமா, இது மொதல்ல காட்டின ரூம்தான். தெரியுமா?"

"படி ஏறும்போதே தெரியும்மா" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. "அந்தாளு நல்லா பண்ணான். விரிப்பை மாத்திட்டு, ஓனர் சொந்தக்காரங்கன்னு ஒரு வார்த்தை சேத்தான் பாரு. தொழில் தெரிஞ்சவன் செய்யும்போது நாம கெடுக்கக் கூடாது."

"அப்ப மத்த ரூமை எல்லாம் எதுக்கு மாமா பாத்தோம்?"

"பாக்காம எப்படிம்மா?"

இந்தப் பதிலுக்கு மேல் யாரும் அவரிடம் எதுவும் வாங்க முடியாது.

அன்று மத்தியானமே முதல் ஹாஸ்டலைப் பார்த்தோம். வாசலில் முருங்கை மரம் நின்ற ஒரு மாடி வீடு. நடத்துகிற அம்மா தமிழ் பேசினார். கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடம் பக்கத்தில். ஒரே ஒரு இடம்தான் காலி என்றார். ஆண்கள் முன் ஹாலைத் தாண்டக் கூடாது. மகள் மேலே போய்ப் பார்த்துவிட்டு முகம் மலர இறங்கி வந்தாள். போனில் வீடியோ எடுத்து வந்திருந்தாள். மச்சான் அதை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாத்ரூம் குழாயை எடுக்கலையே. போய் எடுத்துகினு வா" என்றார். எடுத்து வந்தாள். "தண்ணி வர மாதிரி எடு." மறுபடி போனாள். ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னையே பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நல்லாதான் இருக்குதும்மா. இன்னும் ரெண்டு எடம் பாத்துட்டு வரோம்" என்று மச்சான் எழுந்துவிட்டார்.

"இடம் நிக்காதுங்க" என்றார் அந்த அம்மா.

"கடையில நாங்களும் இதைத்தாம்மா சொல்வோம்" என்றார் மச்சான்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அலைந்தோம். மருந்துக்கடை மாடியில் இருந்த ஹாஸ்டலுக்கு மகளை மட்டும் அனுப்பி, அவள் பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, படி இருட்டு, தண்ணீர் உப்பு, தெருவில் ஓயாத வண்டி என்றார். இன்னொன்று உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேலே. கீழே இரும்பைப் போடும்போதெல்லாம் தரை அதிரும் என்றார். இன்னொன்றில் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பாரைக் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, வேறு சாம்பார் இருக்கிறதா என்று கேட்டார். மகள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருந்தால் அழுகைக்கு முன்னால் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி வேறு போன் செய்து, "கெடைக்கலையா? சரி, கூட்டிகினு வந்துடு" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் தானாகவே சொன்னார். "மொதல்ல பாத்த முருங்கை மரத்து எடம்தான் சரி. வாங்க."

போனோம். ஹாலில் ஒரு பெரிய சூட்கேஸும், ஒரு மனிதரும், என் மகள் வயதில் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அந்த மனிதர் அரூர் பக்கத்தில் புளி வியாபாரம் செய்கிறவர். அந்தப் பெண்ணும் திங்கட்கிழமைதான் வேலையில் சேர வேண்டும். கடைசி இடத்தைக் கேட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் அம்மா மார்க்கெட் போயிருக்கிறார், வந்ததும் முன்பணம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நேத்து நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்றாள் மெதுவாக. கோபம் அத்தனையும் மச்சான்மேல் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் அங்கே இல்லை. புளி வியாபாரிக்குப் பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கடை மெத்தையில் உட்காருகிற அதே உட்காருதல்.

"நல்ல எடம்ங்க இது. ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை" என்று ஆரம்பித்தார். "நாங்களும் இதைத்தான் பாத்தோம். அப்புறம் அந்த மருந்துக்கடை மாடி எடத்தைப் பாத்தோமா, மனசு இப்படி ஆடுது."

"அது எங்கீங்க இருக்குது?" என்றார் புளி வியாபாரி.

"நடக்கற தூரம்தான். கீழயே மருந்துக்கடை. பொண்ணுக்கு ஒரு தலைவலின்னா எறங்கி வந்தா போதும், ஆட்டோ தேட வேண்டியதில்லை. தெருவுல எந்நேரமும் ஆள் நடமாட்டம். பொம்பளப் புள்ள பயப்படாம வரலாம் போலாம். படியில வெயிலே அண்டாது, குளுகுளுன்னு இருக்குது. தண்ணி பாருங்க, நிக்காம வருது."

அவர் கை தானாகவே சேலையை உதறி விரிப்பதுபோல் காற்றில் போய் வந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர், இருட்டுப் படி, வண்டிச் சத்தம் எல்லாம் மடிப்பு மாறி என் கண் முன்னாலேயே புதிதாக வந்து விழுந்தன. புளி வியாபாரி தன் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள்.

"நீங்க கொஞ்சம் கூட வந்து காட்டறீங்களா?" என்றார் அவர்.

"அதுக்கென்ன, வாங்க."

எல்லோருமாகத் தெருவில் நடந்தோம். பெண்கள் இருவரும் முன்னால், வியாபாரி சூட்கேஸை இழுத்துக்கொண்டு நடுவில். நான் வாழ்க்கையில் முதல்தடவையாக மச்சானின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "மச்சான், நீங்களே ஆவாதுன்னு சொன்ன எடம் அது. அந்தாளும் ஒரு பொண்ணைப் பெத்தவர்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மாப்ள, நான் வேணாம்னு சொன்னதுல எது நல்லா இல்லாம இருந்துது? உன்னையே வேணாம்னு சொன்னவன்தானே நான்" என்றார்.

நான் கோபத்தில் அவர் கையை உதறிவிட்டு நடந்தேன். அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

முன்னால் போன இரண்டு பெண்களும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்கள். மருந்துக்கடைக்கு வந்ததும் மாடிக்கு ஏறிப்போனார்கள். அங்கேயும் ஆண்கள் மேலே போகக் கூடாது. நாங்கள் கடை வாசலில் நின்றோம். மச்சான் விடாமல், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூட அந்த மனிதருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார்கள். "எனக்கு ஓகேப்பா" என்றது அந்த அரூர்ப் பெண். புளி வியாபாரி மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தெரியாத ஊர்ல நீங்க ஒரு அண்ணன் மாதிரிங்க" என்றார். நான் தரையைப் பார்த்தேன். மச்சான் எனக்குக் கண்ணைக் காட்டினார். முருங்கை மரத்து வீட்டுக்குப் போகலாம், இடம் இப்போது காலி என்று அர்த்தம்.

"வாம்மா, நேரமாவுது" என்றார் மகளிடம்.

"இல்லை மாமா. நானும் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள் அவள். "ரெண்டு பேர் ரூம். நாங்க பேசிட்டோம். அவ ஆபீசும் என் ரூட்தான்."

மச்சான் அவளை ஓரமாக இழுத்தார். நானும் போனேன். "தண்ணி உப்பும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி.

"நிக்காம வருதுன்னு சொன்னீங்களே மாமா."

"படி இருட்டு."

"குளுகுளுன்னு இருக்குதாமே."

வியாபாரி சிரித்த முகத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது கேட்க இந்த இடத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல மச்சானால் முடியவில்லை. சொன்னதை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

மகள் என்னிடம் மட்டும் சொன்னாள். "அவ என்கிட்ட எல்லாத்தையும் கேட்டாப்பா. நீங்க ஏன் இதை விட்டுட்டு அங்க போறீங்கன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அவளை இங்க தள்ளிவிட்டுட்டு அங்க போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

நான் அவள் தலையில் கை வைத்தேன். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் போய், மாடி ஹாஸ்டலை நடத்துகிறவர் எங்கே இருப்பார் என்று நானே கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. முன்பணம் கட்டி, அடையாள அட்டை நகல் கொடுத்து, பாய் தலையணை வாங்கி முடிப்பதற்குள் தெருவிளக்கு எரிந்துவிட்டது. என் மனைவிக்குப் போன் செய்து, இடம் கிடைத்துவிட்டது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வருகிறோம் என்றேன். "அவ சாப்ட்டாளா?" என்றாள். பிறகு, "அண்ணன் பாத்தாரா? அவருக்குப் புடிச்சிதா?" என்று கேட்டாள்.

போனை மச்சானிடம் நீட்டினேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தார். அவரால் பார்க்க முடிந்தது சுவரும் மூடிய ஜன்னல்களும்தான். "தங்கமான எடம்மா" என்றார். கடைக் குரல் இல்லை.

மகள் காலையிலிருந்தே தூக்கிக்கொண்டு அலைந்த தன் பையோடு மேலே போனாள். புளி வியாபாரி கைகூப்பிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. லாட்ஜுக்குப் போய் எங்கள் பையை எடுக்க வேண்டும். மச்சான் நகரவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றுகொண்டு கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஜன்னல் மாப்ள அவளுது?"

"தெரியலை மச்சான். வாங்க."

"தொறக்குமா தொறக்காதா? கேக்காம விட்டுட்டோமே. காத்து இல்லாத ரூமா இருந்தா?"

அந்த ரூமை அவர் பார்க்கவே இல்லை. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று அந்த மனிதரிடம் அத்தனை விவரமாகச் சொன்னவர் இவர்தான். நான் மகளுக்குப் போன் செய்து, ஜன்னல் பக்கம் வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடியில், ஓரத்தில் ஒரு ஜன்னல் படக்கென்று திறந்தது. மகள் தலையை நீட்டினாள். பக்கத்தில் இன்னொரு தலையும் தெரிந்தது. இரண்டு பேரும் கையை ஆட்டி, போங்க, போங்க என்றார்கள்.

"தொறக்குது பாருங்க. போலாமா?" என்றேன்.

"இரு மாப்ள" என்றார் மச்சான், மேலேயே பார்த்துக்கொண்டு. "மூடுதான்னு பாக்கலாம்."